மண்டலம் போட்ட கோடுகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்துபோன கப்பல்களை யாராவது எண்ணிச் சொல்லிவிடலாம். அந்தத் துறைமுகத்துக்குள் எங்கள் கந்தோரில் வேலை பார்த்த மண்டலம், தன்னைத் திருத்திக்கொள்வதற்காகத் தொடங்கிய நல்ல பழக்கங்களை எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் மூன்று வருடம் அவனுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன். என்னாலேயே முடியவில்லை.

அது கப்பல் சாமான்கள் வைக்கிற களஞ்சியத்தோடு ஒட்டிய சின்னக் கந்தோர், ஐந்து பேர் வேலை பார்த்த அலுவலகம். மண்டலத்துக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. வந்து சேர்ந்த முதல் நாளே மேசையைத் துடைத்தான், பென்சில் ஐந்தையும் சீவினான், பிறகு அலுமாரிக் கதவைத் திறந்து உட்பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டான்.

"என்ன தம்பி அது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் மேசையைத் துடைச்சுப்போட்டுத்தான் வேலை தொடங்கிறது எண்டு ஒரு பழக்கம் அண்ணை. நாப்பத்தெட்டுக் கோடு விழவேணும். ஒரு மண்டலம்."

"ஏன் நாப்பத்தெட்டு?"

"கோயில்ல கும்பாபிசேகம் முடிஞ்சு நாப்பத்தெட்டு நாள் அபிசேகம் செய்யினம்தானே. கல்லு சாமியாகிறதுக்கே அவ்வளவு நாள் வேணும். மனிசன் கல்லைவிடக் கஷ்டம்."

அன்றோடு அவனுடைய சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் மட்டும் மிஞ்சியது. களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் முஸ்லிம் பெரியவரான கிண்ணியா காக்கா இதைக் கேள்விப்பட்டு வந்தார். "எங்கட ஆக்கள் எதையும் நாப்பது நாளோட முடிச்சிருவாங்க. உங்களுக்கு ஏன் தம்பி எட்டு நாள் கூட?"

"நாங்கள் கொஞ்சம் மந்தம், காக்கா" என்றான் மண்டலம், சிரிக்காமல்.

மேசை துடைக்கும் மண்டலம் பதினேழாம் கோட்டில் நின்றது. அடுத்தது இடக்கை மண்டலம். இரண்டு கையாலும் எழுதப் பழகினால் இரண்டு மடங்கு வேலை செய்யலாம் என்பது அவன் கணிப்பு. ஒன்பதாம் நாள், ஒரு இழுவைப் படகுக்கு வடம் கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினான். கந்தோர்ச் சீட்டெல்லாம் ஆங்கிலத்தில்தான். 'ரோப்' என்று அவன் இடக்கை எழுதியது காக்காவின் கண்ணுக்கு 'சோப்' என்று பட்டது. இரண்டு பெட்டி சவர்க்காரத்தை ஏற்றிக்கொண்டு படகு கடலுக்குள் போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்த படகுக்காரர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"தம்பிமார், அந்தக் கப்பலைக் கட்டி இழுக்கிறதோ, குளிக்க வார்க்கிறதோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

மண்டலம் பேனாவை வலக்கைக்கு மாற்றினான்.

அதற்குப் பிறகு நின்றுகொண்டு வேலை செய்யும் மண்டலம். உட்கார்ந்து இருந்தால்தான் சோம்பல் வருகிறதாம். கதிரையைத் தூக்கிக் களஞ்சியத்தில் போட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால், வேலை நன்றாகத்தான் நடந்தது. அவனிடம் வருகிறவர்களுக்கும் இருக்க இடமில்லாததால், ஊர்க்கதை கதைக்காமல் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கெட்டது எங்கள் பாடுதான். முன்னறிவித்தல் இல்லாமல் பெரிய துரை ஒருநாள் உள்ளே வந்தார். தன்னைக் கண்டு எழும்பி நின்றவன் மண்டலம் ஒருவன்தான் என்று நினைத்துவிட்டார். மரியாதை என்றால் என்ன என்று எங்கள் நாலு பேருக்கும் கால் மணித்தியாலம் பாடம் நடந்தது. நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம். இருபத்திரண்டாம் கோடு போடமுன், நாங்களே அவனுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்து, அவனையும் பிடித்து அதில் இருத்தினோம்.

இப்படி எத்தனையோ. ஒன்றாவது நாற்பத்தெட்டைத் தொடவில்லை. முப்பத்தொன்றுதான் அவன் எட்டிய உச்சம்.

"உனக்கு அரை மண்டலம் எண்டு பேர் மாத்தவேணும்" என்றேன் ஒருநாள்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. "முப்பத்தொரு நாள் ஒழுங்கா நடந்தனான்தானே அண்ணை. அது என்ன கடலுக்குள்ளயா போட்டுது?"

அவனைப் பகிடி பண்ண எனக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் நான் ஒரு சோதனையில் தேறவேண்டும். சட்டதிட்டங்கள் நிறைந்த மூன்று தடித்த புத்தகங்கள். இரண்டு முறை தவறியாகிவிட்டது. மூன்றாவது முறையும் தவறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கந்தளாயில் எனக்கு ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். அவளுடைய தகப்பனார், "தம்பி சோதினையில தேறட்டும், பிறகு நாள் பாப்பம்" என்று சொல்லி ஒன்றரை வருடம். புத்தகங்களை நான் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உயரம் அளவாக இருந்தது.

சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மண்டலம் என் மேசைக்கு வந்தான்.

"அண்ணை, நாளைக்குக் காலமை அஞ்சு மணிக்கு உங்கட அறைக்கு வாறன். தேத்தண்ணிக்கு முதல் ஒரு மணித்தியாலம். ஒரு மண்டலம் பாப்பம்."

"நீ உன்ர ஒண்டைக்கூட முடிக்கேல்லையே?"

"என்னை நான் ஏமாத்துவன் அண்ணை. உங்களை ஏமாத்த ஏலாது."

அடுத்த நாள் ஐந்து மணிக்குச் சைக்கிள் மணி அடித்தது. அலுமாரியோ வெண்கட்டியோ என்னிடம் இல்லாததால், ஒரு கரித்துண்டால் என் அறைக் கதவில் கோடு போட்டான். விளக்கைக் கொளுத்தினான். மேசையில் புத்தகத்தை வைத்து என்னைக் கதிரையில் இருத்தினான். நான் புத்தகத்தைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"திறக்கப்படாது!"

"பிறகென்னத்துக்கு எழுப்பினனி?"

"முதல் கிழமை இருக்கிறது மட்டும்தான் பழக்கம். படிப்பு அடுத்த கிழமை."

ஏழு நாள் நாங்கள் இருவரும் மூடிய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எட்டாம் நாள், திறக்கலாம் என்று அவன் சொன்னபோது, பசித்தவன் சோற்றுப் பானையைத் திறப்பதுபோல் திறந்தேன். நான் படிக்க, அவன் எதிரே சும்மா இருக்க மாட்டாமல் என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தான். விழுந்த பொத்தான்கள் முடிந்ததும், விழாதவற்றையும் அறுத்துத் திரும்பத் தைத்தான்.

முப்பத்துநாலாம் நாள் வாடைக்காற்றோடு மழை. கூரை பிய்ந்து போகும்போல இருந்தது. ஐந்து மணிக்கு மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று போர்வையை இழுத்துத் தலைவரை மூடினேன். இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன். நித்திரை வரவில்லை. என்னையறியாமல் எழும்பி, விளக்கைக் கொளுத்தி, கதிரையில் போய் இருந்தேன். எப்போது படிக்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகத் தலையை நிமிர்த்தினேன். யன்னலுக்கு வெளியே, உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி மண்டலம் நனைந்துகொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "எவ்வளவு நேரமா நிக்கிறாய்? உள்ளுக்கு வாவன்!"

"வந்தா நீங்கள் கதைக்கத் தொடங்கிருவியள் அண்ணை. இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. போய் இருங்கோ."

இழுத்து உள்ளே விட்டேன். முழங்கால்வரை சேறு.

"எங்கையால வாறாய் நீ?"

"கப்பல்துறையில இருந்துதான். றோட்டில வெள்ளம், பாதித் தூரம் சைக்கிளைச் சுமந்து வந்தனான். அதுதான் பிந்திப்போச்சு."

அவன் நகரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அக்கா மாற்றலாகிப் போய் நாலு மாதமாம். கண்டி வீதியில் எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து இருட்டோடு மிதித்து வந்து, என் பொத்தான்களைத் தைத்துவிட்டுப் போய்க் கந்தோரிலும் வேலை செய்திருக்கிறான். நான் ஒருநாள்கூட அவனிடம் கேட்கவில்லை.

"எனக்கேன் சொல்லாம விட்டனி?"

"சொன்னா நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள்."

அன்று தேநீரை நான்தான் போட்டேன். மறுநாளிலிருந்து வராதே, நானாகவே எழும்புவேன் என்று கெஞ்சினேன். அவன் கேட்கவில்லை. மிச்சம் பதினாலு நாளும் வந்தான்.

நான் தேறினேன். முதலாவதாக இல்லை, பெயர்ப்பட்டியலின் அடியில்தான்; ஆனாலும் பட்டியலுக்குள் இருந்தேன். கந்தளாய்க்காரர் நாள் பார்த்தார். கலியாணத்தன்று மணவறையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக மண்டலத்தைத் தேடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள்.

அவன் என் மனைவியைப் பார்த்து, "அக்கா, காலமை அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுங்கோ. முதலில சும்மா இருக்க விடுங்கோ. பிறகு எந்த வேலையையும் குடுக்கலாம்" என்றான்.

அடுத்த வருடம் அவனுக்குத் தெற்கே காலி நகரத்துக்கு மாற்றம் வந்தது. வழியனுப்ப நானும் கிண்ணியா காக்காவும் பஸ் நிலையத்துக்குப் போனோம். பஸ் ஒரு மணித்தியாலம் பிந்தும் என்றார்கள். மண்டலம் பெட்டியைத் திறந்து ஏதாவது செய்யத் தொடங்கிவிடுவான் என்று பயந்தேன். அவன் பெட்டியை மூடியபடியே காலடியில் வைத்துவிட்டு எங்கள் நடுவில் வந்து இருந்தான். காக்கா கச்சான் கடலை வாங்கி வந்தார். தோலை உடைத்து, வாயில் போட்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்து, ஒன்றுக்கும் உதவாத கதைகளைக் கதைத்துச் சிரித்தோம்.

அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் மூன்று பேரும் உருப்படியாக ஒன்றுமே செய்யவில்லை. பஸ் இன்னும் கொஞ்சம் பிந்தியிருக்கலாம்.