அப்டேட்டில் காணாமற்போன திவசம்

கோத்-தே-நேஜ், மொன்றியல்
ஒக்டோபர் 4, சனிக்கிழமை

என்றும் அன்புக்குரிய மகள் சாம்பவிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். வான்கூவரில் உன் சுகத்துக்கும், உன் வேலைக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிடுவதற்கும் முருகனைப் பொறுப்பாக விட்டிருக்கிறேன். மூன்றாவது விஷயத்தில் அவர் இன்னும் கவனம் எடுக்கவில்லை என்று போன கிழமை வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் கதைத்தால் நான்காவது நிமிடத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் நீ அங்கே இருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து, "அப்பா, இது சரியான பழசு, ஆரும் உள்ளுக்கு வந்து களவெடுத்துப்போடுவினம், நான் அப்டேட் பண்ணி விடுறன்" என்றாய். அம்புக்குறி தானாக ஓடித் திரிந்ததை நான் தேத்தண்ணீரும் கையுமாக வாய்பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ‘திதி 98’ஐத் திறந்தால், இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது, தயவுசெய்து தயாரித்தவருடன் தொடர்புகொள்ளவும் என்று பிரெஞ்சில் வந்து நிற்கிறது. தயாரித்தவர் நான்தான். என்னை நான் எந்த இலக்கத்தில் கூப்பிடுவது?

நீ மறந்திருப்பாய். உனக்கு அப்போது ஆறு வயது. டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு, பின்னேர வகுப்பில் நிரல் எழுதப் படித்து, நான் முதலும் கடைசியுமாகச் செய்த செயலி அது. செத்தவரின் பெயர், இடம், நாள், நேரம் கொடுத்தால், இந்த வருடம் மொன்றியல் நேரத்துக்குத் திவசம் எந்த நாளில் வருகிறது என்று சொல்லும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்த்து இங்கே படைத்தால் ஒரு நாள் தவறிவிடும் அல்லவா. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கணினி எல்லாம் படுத்துவிடும் என்று வெருட்டினார்களே, அதையே தாண்டிய செயலி, உன் ஒரு சொடுக்கில் கண்ணை மூடிவிட்டது. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் தட்டி ஏற்றியவர் உன் அம்மா. நாளுக்கு ஒரு தரமாவது தொலைபேசி அடிக்கும். "அண்ணை, அப்பாவின்ர திவசம் எப்ப வருது?" "ஒன்பதாம் திகதி, செவ்வாய்." "தாங்ஸ் அண்ணை, வைக்கிறன்." அவ்வளவுதான். "செவ்வாய் வேலை அண்ணை, சனிக்கு மாத்தேலாதோ?" என்று கேட்டவர்களை மட்டும் நான் சும்மா விட்டதில்லை. "உம்மட லீவைப் பாத்தோ ஐசே அந்த மனிசன் செத்தது?" என்று கேட்டுவிடுவேன். அம்மா பக்கத்தில் இருந்து தலையில் கை வைப்பார்.

இப்போது அம்மாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசமே வருகிறது. "டேட்டைச் சொல்லுங்கோ அப்பா, லீவு போட்டிட்டு வாறன்" என்று நீ ஜூலையில் சொன்னாய். ஊருக்கெல்லாம் திகதி சொன்னவனுக்குத் தன் வீட்டுத் திகதி தெரியவில்லை. போன நவம்பர் பதினைந்தாம் திகதி பின்னேரம்தான் பௌர்ணமி முடிந்து பிரதமை தொடங்கியது, அம்மாவும் அந்த நேரத்தை ஒட்டித்தான் போனார். அரை மணித்தியாலம் பிசகினால் திதியே மாறிவிடும். நானூற்றுப் பதின்மூன்றாவது பெயரை நான்தான் தட்டினேன். அதுவரை அந்த வேலையை நான் செய்ததில்லை. யோகமலர் என்று ஐந்து எழுத்தைத் தட்ட எனக்கு ஒரு காலைப்பொழுது எடுத்தது.

கோயில் ஐயரைக் கேட்கலாமே என்பாய். கேட்டேன். "இருவது வருசமா நான் உங்களைத்தானே கேக்கிறன் ஆனந்தராசா" என்கிறார். சரி என்று கைபேசியில் ஒரு பஞ்சாங்கச் செயலியை இறக்கினேன். அது என்னைச் சென்னையில் இருத்திவைத்துக்கொண்டு, தொப்பை குறைக்க ஒரு தூளும் வாங்கச் சொன்னது. பிறகு கையால் கணக்குப் பார்த்து, புரோசார்ட்டில் இருக்கிற இந்திராதேவி அக்காவுக்கு அவருடைய கணவரின் திவசத்துக்கு ஒரு திகதி சொன்னேன். அவர் பதினொரு கறியும் வடையும் பாயசமும் செய்து, ஆட்களையும் அழைத்த பிறகுதான் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருக்கிற மாதம் என்று எனக்கு ஞாபகம் வந்தது. சரியான நாள் முதல் நாளே போய்விட்டது. "ஒரு நாள் பிந்தினா என்ன தம்பி, அவர் இருக்கேக்கையும் எதுக்கும் பிந்தித்தான் வாறவர்" என்று அக்கா சொன்னதால் தப்பினேன். ஆனால் அன்றிலிருந்து அம்மாவுடையதைக் கையால் பார்க்க எனக்குப் பயம்.

கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி, திருத்துகிற கடைக்குப் போனேன். அங்கே செலீன் என்று ஒரு பெண். "தொண்ணூற்றெட்டா? மிஸ்யூ, நான் அப்போது பிறக்கவே இல்லை" என்றாள். இது என்ன செய்யும் என்று கேட்டாள். என்னுடைய டோர்வல் பிரெஞ்சில், செத்தவர்கள் எந்த நாள் சாப்பிட வருவார்கள் என்று சொல்லும் என்றேன். எத்தனை பேர் என்றாள். நானூற்றுப் பதின்மூன்று என்றேன். உணவகம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஒருவழியாகப் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். எங்கள் பழைய எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால் எல்லாரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்றாள். இல்லை, மூன்றாவது வரி கஜீவனின் மாமனார், எட்டாவது எங்கள் ஸ்ரீதரன் மாஸ்டர் என்று நான் வாசித்துக்கொண்டே போக, அவள் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் மனைவியும் இதில் இருக்கிறாரா?" என்று கேட்டாள். கடைசி வரி என்றேன். கணினியை விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். இன்னும் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இதற்கிடையில் நான் படும் பாட்டைக் கேள். கையால் பார்க்க ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், கேள்விகள் வேறு. தொலைபேசியில் சரிவராது என்று ஆட்கள் நேரே வந்து குந்திவிடுகிறார்கள். கஜீவன் மனைவியோடு வந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை இருந்து, மாமனார் குறட்டை விட்ட கதையைக் குறட்டையோடு சொன்னான். புவாண்ட்-கிளேரிலிருந்து யோகராசா வந்து, திகதியை வாங்கிக்கொண்டு போகாமல் குளியலறைக் குழாயைத் திருத்தினான். போன ஞாயிறு நாலு பேர். கதிரை போதாமல், நீ முன்பு இருந்து படித்த கதிரையையும் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். பால் மூன்று நாளில் முடிகிறது. முன்பு பாதியைப் புளிக்கவிட்டுத்தான் கொட்டுவேன். எனக்கு ஒரு ஓய்வு ஒழிச்சல் இல்லை. எல்லாம் உன் அப்டேட்டால் வந்த தொல்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் மீட்டிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய அமைப்பை எப்படியாவது திரும்பப் போட்டுத் தா. மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு ஒரு நிமிடமும் பிசகக்கூடாது. நாள் தவறிப் படைத்தால், அவர் வந்து பார்த்து ஒருவரும் இல்லை என்று போய்விடுவாரோ என்று நினைக்கிறேன். ஒருவரும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் பிள்ளை. இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், பேனையால் எழுதிவிட்டேன், அழிக்க முடியாது.

சளிக்கு மஞ்சள் போட்டுப் பால் குடி. ஒரு குறையும் இல்லாமல், நெடுநாள், நல்லவர்கள் சூழ இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா,
க. ஆனந்தராசா

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது செலீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் பெட்டி மாதிரி உருவாக்கி, அதற்குள் ‘திதி 98’ஐ ஓட வைத்துவிட்டாள். எழுத்துருவும் ஏறிவிட்டது, பெயரெல்லாம் தமிழில் தெரிகிறது. போய் எடுத்துவந்து முதலில் அம்மாவைத்தான் கேட்டேன். நவம்பர் ஐந்தாம் திகதி, புதன்கிழமை. துளி சந்தேகம் இல்லை. ஆகவே நீ ஒன்றையும் திருத்த வேண்டாம். ஆனால் செயலி ஓடுகிறது என்று இங்கே ஒருவருக்கும் மூச்சு விட்டுவிடாதே, கஜீவன் நாளைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இன்னொன்று. புதன்கிழமை என்றால் உனக்கு லீவு எடுப்பது கஷ்டம், காலையில் வந்து பின்னேரமே ஓடுவாய். அதனால் கணினியை மூடிவைத்துவிட்டு, அம்மாவுடையதைக் கையாலும் ஒருமுறை பார்த்தேன். எட்டாம் திகதி, சனிக்கிழமை என்று வருகிறது.