கியாக்தான்ல நான் வாங்காத அடி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலைதான். யாங்கோன்ல பஸ் ஏறி கியாக்தான் போய், என் மக கல்யாணத்துக்கு நாள் கேட்டுட்டு வரணும்.

கேக்குறதுக்கு என்ன, வாய் இருக்கே! அந்த வாய்தான் பிரச்சினைன்னு சொல்லி, காவலுக்குச் சம்சாரமும் கூட வந்தா.

புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் நாப்பது வருஷமா மேடைக் கோமாளி. கோயில் திருவிழான்னா தமிழ் நாடகம், மத்த நாள்ல பர்மாக்காரங்க ஆட்டக் கோஷ்டி. ஆட்டக்காரப் பொண்ணு ஆடி முடிச்சதும் நாங்க நாலு பேரு வந்து ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்குவோம். நான் எப்பவும் அடி வாங்குற ஆளு. மூஞ்சி ராசி!

மாப்பிள்ளையோட அப்பா, ஊர்ல எல்லாரும் பர்மா வழக்கப்படி 'ஊ' சேர்த்து ஊ முத்தையான்னு மரியாதையா கூப்பிடுற நெல்லு வியாபாரி. பையன் சம்மதிச்சு ஒரு வருஷம் ஆச்சு. இவரு மட்டும் கூத்தாடி வீட்டுல சம்பந்தமான்னு இழுத்துக்கிட்டே இருந்தார்.

கிளம்புறப்ப மக சொன்னா, "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சாதாரண மனுஷனா இருங்கப்பா."

சுருக்குனு இருந்துச்சு. ஆனா அவ கண்ணைப் பார்த்தப்புறம் கோவம் வரல.

பஸ்ல பூரா மூஞ்சியை உம்முனு வெச்சுப் பழகினேன். பக்கத்து சீட்டு அம்மா வயித்து வலியான்னு கேட்டு தைலத்தை நீட்டினாங்க.

ஊ முத்தையா வீட்டுல போய் உக்காந்தோம். டீ வந்துச்சு, இங்க விருந்தாளிக்கு வைக்கிற புளிச்ச தேயிலைத் தட்டு வந்துச்சு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். முக்கால் மணி நேரம், ஒரு ஜோக் இல்ல! சம்சாரமே என்னை மரியாதையா பார்த்தா. ஊ முத்தையாவும் இளகி, காலண்டரைக் கையில எடுத்துட்டார்.

அப்பப் பார்த்து அவரு காதுகிட்ட ஒரு கொசு. கையை ஓங்கினார்.

இங்கதான் எங்க தொழிலைச் சொல்லணும். மேடையில எதிராளி கை மேல போச்சுன்னா, அடி விழுற வரைக்கும் நிக்கக் கூடாது. உடனே விழணும். சத்தத்துக்கு ஓரமா ஒருத்தன் பிளந்த மூங்கிலைத் தட்டுவான். யோசிச்சா ஆட்டம் போச்சு.

வாயைத்தான் கட்டி வெச்சிருந்தேன். உடம்புக்கு யாரும் சொல்லலையே!

நாற்காலியோட மல்லாக்க விழுந்து ரெண்டு உருளு உருண்டேன். அதே நேரம் அவரு கொசுவைப் பட்டுனு அடிச்சதுல, சத்தமும் கச்சிதமா சேர்ந்துக்கிச்சு. தட்டு கவுந்து தேயிலை பூரா என் தலையில.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா, பொண்ணோட அப்பாவை ஊ முத்தையா அடிச்சே போட்டுட்டார்னு தெருவுக்கே சொல்லிட்டாங்க. நிமிஷத்துல சன்னல் பூரா தலை.

மனுஷன் வெளிறிப் போயிட்டார். தொடவே இல்ல, கொசுதான்னு உள்ளங்கையை ஒவ்வொருத்தருக்கா காட்டுறார். கையில கொசுவைக் காணோம்.

நான் நெசத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சம்சாரம் தொடையில கிள்ளுனா பாருங்க, "ஆ"ன்னுதான் வந்துச்சு. கூட்டம் உச்சுக் கொட்டுச்சு.

ஊ முத்தையா குனிஞ்சு, என் தலையில இருந்த தேயிலையைப் பொறுக்கிக்கிட்டே மெதுவா சொன்னார், "சம்பந்தி, வர்ற தை மாசமே வெச்சுக்கலாம். தயவு செஞ்சு எழுந்திருங்க."

எழுந்துட்டேன்.

இப்பல்லாம் எங்க வீட்டுக்கு வந்தா, சம்பந்தி ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான் உக்காருறார்.