பால்கனியில் பனியனோடு

மைனஸ் எட்டு டிகிரியில் வெறும் பனியனோடு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்ட மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் பெயர் கோவிலம்பாக்கம். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஜார்ஜியா நாட்டில், மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊருக்கு இங்கிலீஷ் வாத்தியார்களாகப் போய்ச் சேர்ந்த தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர். சென்னையில் அவரவர் ஊரை வைத்து அவன் என்னைத் தாம்பரம் என்பான், நான் அவனைக் கோவிலம்பாக்கம் என்பேன். எங்களுடைய ஆறாயிரம் ரூபாய் போன்களிலும் பெயர்கள் அப்படித்தான் பதிவாகியிருந்தன.

இப்போது நான் சேலையூரில் இருக்கிறேன். மார்கழி வந்தால் எங்கள் தெருவில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடப்பவர்கள், "குளிர் பின்னுது சார்" என்பார்கள். இருபத்திரண்டு டிகிரி. நானும் மரியாதைக்கு, "ஆமா சார்" என்று நடுங்கிக் காட்டுவேன். உள்ளுக்குள் அந்தப் பயல்தான் பனியனோடு உட்கார்ந்திருப்பான்.

அவன் பாடம் நடத்தும் அழகே தனி. உச்சரிப்புப் பயிற்சிக்குப் புத்தகத்தில் இருந்த ஊர்ப் பெயர்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. லண்டனும் பாரிஸும் போய், எங்கள் பக்கத்துச் சானடோரியமும் குரோம்பேட்டையும் வந்தன. விறகு அடுப்பு எரியும் வகுப்பறையில், கம்பளிக் கையுறை மாட்டிய இருபது பிள்ளைகள், "ஐ ஆம் கோயிங் டு பல்லாவரம்!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். தலைமை ஆசிரியை பதறிப்போய் வந்து, "பல்லாவரம் எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்டார். "ஏர்போர்ட் பக்கத்துல மேடம்" என்றான். அந்தப் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு நம் ஊரில் வந்து இறங்கினால் வழி கேட்கவே மாட்டார்கள்.

கோவிலம்பாக்கத்தில் அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் நெல் விளைத்தது. பிறகு நெல் போய் மனை வந்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் நிலம் வாங்கி விற்பவர்கள். புத்தகமும் கையுமாக இருந்த இவனை வீட்டில் யாரும் ஓர் ஆளாகவே மதித்ததில்லை. அந்த மலையூரில்தான் முதன்முதலாக இருபது பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்றார்கள். அதைக் கேட்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுவான்.

ஆனால் அந்த வேலை ஒரு பொய்யின் மேல் நின்றது. சின்ன வயதில் அவனுக்கு வீசிங், மூச்சு இழுக்கும். குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் அம்மா தைலத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதனால், "துபாய் வழியாப் போற ஊரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். துபாய் வழியாகப் போகிற ஊர் துபாய் மாதிரிதான் இருக்கும் என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டார். இவனும் திருத்தவில்லை.

தினமும் சாயங்காலம் அம்மாவின் வீடியோ கால் வரும். எங்கள் அறைக்குள் சிக்னல் கிடையாது. கண்ணாடி உடைந்த பால்கனியில்தான் கிடைக்கும், அந்த வீட்டிலேயே அதிகக் குளிர் அங்கேதான். கால் வரும் நேரம் ஆனதும் கோவிலம்பாக்கம் கோட்டு, ஸ்வெட்டர், சட்டை எல்லாவற்றையும் உரிப்பான். பனி மலை தெரியாமல் முதுகுக்குப் பின்னால் லுங்கியைக் கட்டுவான். பனியன், துண்டு, புன்சிரிப்பு. ஆட்டம் தொடங்கிவிடும்.

"வெயிலு எப்டிடா கீது?"

"தாங்கல. ஃபேன் போட்டும் வேர்க்குது" என்று பற்கள் கிட்டிப்போன வாயால் சொல்வான்.

எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவுக்கு இது புரியவில்லை. ஏதோ இந்திய விரதம் என்று நினைத்து முதல் வாரம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார். இரண்டாவது வாரம் மனசு கேட்கவில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து ஒரு தடித்த போர்வையை அவன் தோளில் போர்த்திவிட்டுப் போனார்.

"யார்றா அது? இன்னாத்துக்குப் போர்வை போத்துறாங்க?"

கோவிலம்பாக்கம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினான். "போர்வை இல்லம்மா, பொன்னாடை. நல்லா பாடம் நடத்துறேன்னு மரியாதை பண்றாங்க."

அம்மா பூரித்துப்போனார். மறுநாள் தெருவுக்கே செய்தி போயிற்று. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு பொன்னாடை விழுந்தது. இவ்வளவு மரியாதை ஒரு மந்திரிக்குக் கூடக் கிடைத்திருக்காது.

கெடுத்தது பெரியண்ணன்தான். அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். அதுவரை மங்கலாகத் தெரிந்த மகன் பளிச்சென்று தெரிந்தான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் புகை வருவதும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாடா அது வாயில புகை?"

குளிரில் மூச்சு ஆவியாகிறது என்று சொன்னால் வேலை போய்விடும். கோவிலம்பாக்கம் தலையைக் குனிந்தான். "சிகரெட்டும்மா. இங்க வந்து பழகிட்டேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வீசிங் உள்ள பிள்ளைக்குக் குளிர் ஆகாது, சரி. சிகரெட் மட்டும் ஆகுமா? அன்றைக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டில் உலை ஏறவில்லை. மறுநாள் பெரியண்ணனே கூப்பிட்டார். "நீ இங்கிலீசு சொல்லிக் குட்த்து கிழிச்சது போதும். வர்ற சனிக்கெழம ஃபிளைட்டப் புடிச்சி வூட்டுக்கு வந்து சேரு." பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தார். இவனோ செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். "அம்மா, இவன் சிகரெட்டைத் தொட்டது கூட இல்ல. இது குளிரும்மா. நீங்களே பாருங்க" என்று சொல்லி லுங்கியை இழுத்துக் கீழே போட்டேன். வெள்ளை வெளேரென்று மொத்த மலையும் கோவிலம்பாக்கம் வீட்டுக் கூடத்துக்குள் போய் நின்றது.

திரையில் அம்மாவின் முகம் கிட்டே வந்தது. பிறகு அம்மா கேட்டார். "எத்தினி நாளா இப்டி உக்காந்துகினு கீற?"

"நவம்பர்லேர்ந்தும்மா."

"வெறும் பனியனோடயா?"

"ஆமாம்மா."

கால் துண்டிக்கப்பட்டது.

மூன்று நாள் அழைப்பே இல்லை. "உன்னை எவன்டா மச்சான் உண்மை பேசச் சொன்னது?" என்று கோவிலம்பாக்கம் ஒரே ஒரு முறை கேட்டான். அதற்குப் பிறகு பெட்டியை எடுத்துத் துணி மடிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் அன்று கரும்பலகையில் ஒரு புது வாக்கியம் எழுதினான். "ஐ ஆம் கோயிங் டு கோவிலம்பாக்கம்." ஒன்றும் தெரியாத பிள்ளைகள் உற்சாகமாகக் கத்தினார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் என் வகுப்புக்குப் போகாமல் வராந்தாவிலேயே நின்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். கோவிலம்பாக்கம் முதல் முறையாகக் கோட்டும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்தான். திரையில் அம்மா. பெரியண்ணனின் ஏசி அறையில் கட்டில் மேல் வெறும் புடவையோடு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இன்னாம்மா பண்றே அங்க? ஒனக்கு ஏசி ஆவாதே!"

"மூணு நாளா இங்கதான் உக்காந்துகினு கீறேன். பதினாறுல வச்சிருக்கேன். அதுக்குக் கீழ போவாதாம், ஏசிக்காரனக் கூட்டாந்து கேட்டுட்டேன். ஃபேனும் போட்டுக்கினேன். போர்வை கூட போத்திக்கல."

"எதுக்கும்மா?"

"ஒனக்கு வீசிங்கு என்கிட்டேர்ந்துதான வந்திச்சி? எனக்கு இழுக்குதா பாக்கலாம்னுதான். ஒண்ணும் இழுக்கல. எனக்கு இழுக்கலன்னா ஒனக்கும் இழுக்காது. நீ இருடா அங்கியே. அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன். வாத்தியாரு பாதியில வந்துட்டா புள்ளைங்க இன்னா பண்ணும்?"

பதினாறுக்கும் மைனஸ் எட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. "ஏசியை நிறுத்தும்மா, மொதல்ல நிறுத்து" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா ரிமோட்டை எடுத்து அணைக்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவன் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போய், மூடி வைத்திருந்த அவன் பெட்டியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன். அவன் அந்தச் சனிக்கிழமை கிளம்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே நானும் கிளம்பியிருப்பேன். அந்த ஊரில் என்னைக் குளிரைத் தாங்க வைத்தது என் கோட்டு இல்லை, அவன்தான். இதை அவனிடம் இதுவரை சொன்னதில்லை.