சுருட்டின் பூர்வீகம் விசாரித்த கதை

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி, 1936

அன்பு மிகுந்த மைத்துனர் அமலநாதன் அவர்களுக்கு, உம் அக்காள் புருஷன் பிரகாசம் முதன்முதலாகத் தன் கைப்பட எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். கடலூரில் நீரும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மாதா காக்க வேண்டும். என் எழுத்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவதை மன்னிக்க வேணும். கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுத்துப் படித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இந்த மட்டும் எழுதுவதற்குள் காலைக் கஞ்சி ஆறிப்போயிற்று.

சங்கதி என்னவென்றால், சாயந்திரம் கடற்கரையில் என்னோடு சுருட்டுப் பிடிக்கும் உப்பளம் கண்ணையன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவன் இங்கிலீஷ் துரையிடம் வேலை பார்த்தவன். சுருட்டை இங்கிலீஷில் செரூட் என்பார்களாம், துரைமார் வைத்த அந்தப் பேரைத்தான் நாம் கெடுத்துச் சுருட்டு என்கிறோமாம். சுருட்டுவதால் சுருட்டு என்றேன். "பாயக்கூடத்தான் சுருட்டுறோம், அத பத்தவச்சிக் குடியேன்" என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. அவன் பக்கத்தில் இல்லாமல் எனக்குப் புகை இருமலாகத்தான் வந்தது. நியாயம் தெரிந்தால் வந்துவிடுவான் என்று, மாப்பிள்ளை வீட்டுப் பூர்வீகம் விசாரிப்பதுபோல அந்தச் சொல்லை வீடு வீடாக விசாரித்தேன். லத்தீன் வீட்டில் அப்படி ஓர் உறவே இல்லை என்றார் சாமியார். பிரெஞ்சுக் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்து, பிரெஞ்சு வழக்கப்படி முசே என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடும் இராயப்பன் தடித்த அகராதியைப் புரட்டி, இங்கிலீஷ்காரன் வீட்டுக்கு அது பிரெஞ்சுக்காரன் வீட்டிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்காரன் வீட்டுக்கு நம் தமிழ் வீட்டிலிருந்து போனது என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே உப்பளத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

கண்ணையன் வாசலில் பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீப்பெட்டி வாங்கும் வழக்கமே அவனுக்குக் கிடையாது. என்றைக்கும் என் சுருட்டு நெருப்பில்தான் பற்றவைப்பான். அவன் சம்சாரம் ராஜாம்பாள், "சண்ட போட்டதுலேந்து இப்படித்தாண்ணே சப்பிக்கினு கெடக்கறாரு, அடுப்பாண்ட நா வுடல" என்றாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "என்னாய்யா, விசாரிச்சிட்டியா?" என்றான். குரலில் பழைய முறுக்கு இல்லை. அதைக் கேட்டதும் என் வாயிலிருந்த நியாயம் உள்ளே போய்விட்டது. "விசாரிச்சேன், முசேவுக்கே தெரியலயாம்" என்று என் சுருட்டை நீட்டினேன். பற்றவைத்துக்கொண்டான். உண்மை உமக்கு மட்டும் தெரிந்தால் போதும். எக்காரணம் கொண்டும் வெளியே விட வேண்டாம்.

பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
பிரகாசம்

பி.கு.: இங்கிலீஷ் எல்லைக்குப் போகும் தபாலுக்கு விலாசம் இங்கிலீஷில் இருந்தால்தான் செல்லும் என்று பயந்து, இந்தக் காகிதத்தைக் கண்ணையனிடமே நீட்டிவிட்டேன். அவன் முதலில் உள்ளே இருப்பதை முழுக்கப் படித்துவிட்டான். "நான் தோத்தேன்னு எழுது, நீ பொய்யன்னும் எழுது. ரெண்டும் எழுதினாத்தான் விலாசம்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து புகை விடுகிறான். இரண்டையும் இதோ எழுதிவிட்டேன். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் ஒரு விலாசம் எழுதும் அளவுக்காவது இங்கிலீஷ் படித்துவிடுகிறேன்.