மாத்தூரோடு நின்றுபோகிற பஸ்

புதுக்கோட்டையில் ஒரு சினிமா ஓடுமா, படுக்குமா என்று தீர்மானிப்பவர் நடிகரும் இல்லை, டைரக்டரும் இல்லை. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு 'ரூட் பஸ்' சார்தான். இதை நான் எந்தத் தியேட்டர் முதலாளி முன்னாலும் சொல்லத் தயார். சனிக்கிழமை மேட்னி முடிந்து இவர் வெளியே வரும்போது, தியேட்டர் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு இவர் முகத்தையே பார்த்து நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஊரில் மற்றவர்கள் படத்துக்கு ஐந்துக்கு இவ்வளவு, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். இவர் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற ரோடுதான் அவருடைய அளவுகோல். படம் நம்மை எவ்வளவு தூரம் கூட்டிப் போனதோ, அந்த ஸ்டாப்தான் மார்க். "வண்டி பஸ் ஸ்டாண்ட விட்டே கெளம்பலைங்க" என்றால் காசு தண்டம். நார்த்தாமலை என்றால் இடைவேளை வரை தாங்கும். கீரனூர் என்றால் குடும்பத்தோடு போகலாம். மாத்தூர் என்றால் இன்னொரு தடவையும் போகலாம். மாத்தூருக்கு அப்புறம் ஏர்போர்ட், அதைத் தாண்டினால் திருச்சி. ஆனால் எவ்வளவு நல்ல படமானாலும் அவருடைய பஸ் மாத்தூரோடு நின்றுவிடும்.

தியேட்டர் வாசலில் நின்று, பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போன்ற முகத்தோடு ஒரு செல்ஃபி. கீழே படத்தின் பெயர், ஒரு வரி விமர்சனம், ஸ்டாப்பின் பெயர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இது வந்த பிறகுதான் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் டிக்கெட் போடுவார்கள்.

நடுநிலை விஷயத்தில் ஆள் படு கறார். போஸ்டர் பார்க்க மாட்டார். கீழராஜவீதியில் சுவர் நிறையப் போஸ்டர் ஒட்டியிருந்தால் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு நடப்பார். அப்படி நடந்து ஒரு நாள் இளநீர் வண்டியில் மோதி, குலை சரிந்து, வண்டிக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"கேஸ விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஜட்ஜு போயி பார்ட்டி வீட்டுல காப்பி குடிக்கலாமாங்க?" என்றார், முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே.

தியேட்டரிலும் அப்படித்தான். பெயர் ஓடி முடிகிற வரை வெளியே நிற்பார். யார் எடுத்தது, யார் நடித்தது என்று தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம். அதற்கப்புறம்தான் குனிந்த தலையோடு இருட்டில் உள்ளே நுழைவார்.

இவ்வளவு சினிமாப் பைத்தியம் பிறவியிலேயே வந்தது என்று நினைக்க வேண்டாம். சில வருஷம் முன்புவரை சினிமா என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிற மனிதர் இவர். அவருடைய ஒரே மகன் திருச்சியில் சினிமா சம்பந்தப்பட்ட படிப்பு படித்தான். சென்னைக்குப் போய் உதவி டைரக்டராகச் சேரப்போகிறேன் என்றான். "படம் எடுத்து நீ கிழிச்சது போதும்" என்று சொல்லி, மச்சானைப் பிடித்து விசா வாங்கி, பையனைக் குவைத்துக்கு அனுப்பிவைத்தார். ஏர்போர்ட் வாசலில் பையன் அம்மாவைப் பார்த்து மட்டும் "போயிட்டு வாரேன்" என்றானாம். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து அவன் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறான். அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பதில் இல்லை. ஆனால் இவர் ஏதோ ஒரு கல்யாண வீட்டு போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தபோது, அதை மகன் பார்த்துவிட்டது தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையே தலைவர் சினிமாவுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வந்ததும் பையைக் கூட இறக்கி வைக்காமல் என்னிடம் சொல்வார். "பாத்துட்டான்ங்க."

"ஒண்ணும் சொல்லலையா சார்?"

"அது சொல்ல மாட்டான். ஆனா பாத்துட்டான்."

அவ்வளவுதான். ஃபேனைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்துவிடுவார். எனக்குத்தான் முகம் தெரியாத அந்தப் பையன் மேல் கோபம் கோபமாக வரும். இவர் அன்று செய்ததும் சரியில்லைதான். அதற்காக வருஷக்கணக்கில் ஒரு மனிதரைத் துண்டு போட்டு அலைய விடுவதா?

இப்படி இருக்கையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஸ்டேட்டஸைத் திறந்தவர்கள் எல்லோரும் ஆடிப்போனோம். "பிள்ளை பெற்ற அத்தனை பேரும் பார்க்க வேண்டிய படம். அழுதுவிட்டேன். ஏர்போர்ட்." பஸ் மாத்தூரைத் தாண்டிவிட்டது! எங்கள் கேஷியர் ஞாயிற்றுக்கிழமையே மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அழுகிற படம் என்பதால் ஆளுக்கொரு பெரிய கர்ச்சீப் வேறு.

திங்கட்கிழமை கேஷியர் நேராக ரூட் பஸ் சார் மேஜைக்கு வந்தார். அவருடைய ஒரு காது சிவந்திருந்தது.

"என்ன சார் இது? பிள்ளை பெத்தவங்க பாக்கணும்னு போட்டிருந்தீங்க. அதுல அப்பன்தான் சார் பேயி!"

"பேயா? கடைசில ரயில்வே ஸ்டேஷன்ல மகன் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பாரேங்க..."

"எந்த ஸ்டேஷன்? படம் பூரா ஒரே பங்களா சார்! கெணத்துக்குள்ள இருந்து ஒரு கை வந்துச்சு பாருங்க, எங்க மாமியார் என் காதப் புடிச்சவங்க இன்டர்வல்லுக்குத்தான் விட்டாங்க!"

அந்தத் தியேட்டரில் இரண்டு ஸ்க்ரீன். டிக்கெட் வாங்கியது பேய்ப் படத்துக்கு. பெயர் ஓடி முடியட்டும் என்று வெளியே நின்றவர், குனிந்த தலையோடு பக்கத்துக் கதவில் நுழைந்து பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டில் இருந்த பெயரை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். போஸ்டர் பார்த்திருந்தால் முகங்களாவது தெரிந்திருக்கும். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தப்பான தீர்ப்பு எழுதிவிட்ட ஜட்ஜாகவே உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவருடைய செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் வாசிங்க" என்றார்.

வாசித்தேன். "அப்பா, நீங்க பேரு போட்டிருக்கிறது பேய்ப் படம். அழுதேன்னு போட்டதுலயே தெரியுது, நீங்க பாத்தது பக்கத்து ஸ்க்ரீன் படம். நானும் இங்க பாத்துட்டேன். அதுக்கு ஏர்போர்ட்டெல்லாம் ரொம்ப ஓவர். செகண்ட் ஹாஃப் ஒரே இழுவை. கீரனூர்ல எறங்கிரலாம்."

கேஷியர் எட்டிப் போனைப் பார்த்தார். நான், "பையன் திட்டியிருக்கான் சார்" என்றேன்.

"திட்டட்டும்ங்க," என்றார். "என் ரோட்டுலயேல்ல வந்து திட்டுறான்."

ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி அவரே பதில் போட்டார். "கீரனூர் கம்மி. மாத்தூர் வச்சுக்கலாமா?" கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கலெக்டரே உள்ளே வந்த மாதிரி எழுந்து நின்றார். காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். அங்கிருந்து அவர் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"இல்லப்பா, அந்த ஸ்டேஷன் சீனு... சரி, இழுவதான்... ஆமா... நீ அதப் படிச்சவன்ப்பா. ஒனக்குத்தான் தெரியும்." பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

கேஷியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, படத்துக்கு எடுத்துப்போன அந்தக் கர்ச்சீப்பை எடுத்தார். எனக்கும் ஒன்று தேவையாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே தியேட்டருக்குப் போனேன். எல்லோரும் பேசிவிட்டார்களே, அந்தப் பேய்ப் படத்தைப் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் வாங்கினேன். அங்கே ரூட் பஸ் சார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கதவருகே இருந்த டிக்கெட் கிழிக்கிற பையனிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என் டிக்கெட்டு இங்கிட்டுத்தானே?"

"இங்கிட்டுத்தான் சார். நேரா உள்ள போங்க."

"சரிப்பா" என்றவர், அவன் அடுத்த ஆளின் டிக்கெட்டை வாங்கக் குனிந்ததும், சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கிட்டு இருந்த கதவில் சட்டென்று நுழைந்துவிட்டார். தப்பாகப் போட்டால்தானே குவைத்திலிருந்து திருத்த ஆள் வரும்!

எனக்குப் பேய்ப் படம் பார்க்கத்தான் ஆசை. இருந்தும் அவர் பின்னாலேயே போய், இருட்டில் தடவி, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.