மணிக்கூண்டில் குந்தியிருந்தது

வயிறு நிறைந்தவனுக்குத்தான் பேய் பயம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நிறைந்த வயிற்றோடும் பயந்திருக்கிறேன், காலி வயிற்றோடும் பயந்திருக்கிறேன். காலி வயிறாக இருந்தால் ஓடத் தெம்பு இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. படிப்பு ஆறாம் வகுப்பில் பாதி. அதற்குள் விழுப்புரத்தில் ஓட்டல் டம்ளர் கழுவி, கடலூரில் மூட்டை தூக்கி, ஒரு சர்க்கஸில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டி முடித்திருந்தேன். (ஒட்டகம் கடித்தது. தப்பு என்மேல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.) முதலியார்பேட்டையில் மில் வேலை கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. நோணாங்குப்பத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் அடியில் ஒன்பது நாள் தூங்கினேன். பத்தாம் நாள், முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் மணி அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். (எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன். அங்கே இன்னும் சிலர் ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள்.)

பழைய மணிக்காரன் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டான். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேதக்காரனாடா நீ? ஞானஸ்நானம் வாங்கினவனா?"

"இல்லீங்க."

"கயிறு இழுப்பியா?"

"இழுப்பேங்க."

"கயித்துக்கு வேதம் தெரியாது. இரு."

ஈஸ்டர் வரைக்கும் தப்பில்லாமல் அடித்தால் வேலை நிரந்தரம். மணிக்கூண்டின் அடியில் ஓர் அறை, இரண்டு வேளைச் சோறு. அறைக்குக் கதவு இருந்தது. கதவு உள்ள இடத்தில் நான் தூங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வேலையை விடக்கூடாது என்று முதல் நாளே கதவைத் தொட்டு முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கோயில் படிகளைக் கூட்டும்போது ஒரு கிளியின் தலை கிடந்தது. தலை மட்டும். கண் திறந்திருந்தது. மறுநாள் ஒரு புறாவின் கால்கள். அதற்கு மறுநாள் மைனாத் தலை இரண்டு. யாரிடமும் சொல்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். (புதிதாகச் சேர்ந்தவன் கிளித்தலையைப் பற்றி விசாரித்தால், அதைக் கொண்டுவந்தவனே இவன்தான் என்பார்கள்.) சில நாள் மத்தியான வெயிலில் தெரு அடங்கிக் கிடக்கும்போது, உச்சியிலிருந்து ஒரு சத்தம் வரும். துருப்பிடித்த இரும்பு சிரிப்பது போல, கெக், கெக், கெக். நான் மேலே பார்க்கமாட்டேன். மேலே பார்க்கச் சொல்லி எனக்குச் சோறு போடவில்லை.

மேலே பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான். எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த முசே லூயி. (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.) பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். நாள் முழுதும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கோயில் பக்கமே பார்ப்பார். என்னை வேவு பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் பைனாகுலரைத் தூக்கும்போதெல்லாம் இன்னொரு தடவை கூட்டினேன். அந்த இரண்டு மாதம் புதுச்சேரியிலேயே சுத்தமான வாசல் எங்களுடையதுதான்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் வந்தது. அன்றைய பூசையோடு மணி நின்றுவிடும். அப்புறம் சனிக்கிழமை காலைப் பூசையில் குளோரியா பாட்டு தொடங்கும்போதுதான் திரும்ப அடிக்க வேண்டும். (அப்போதெல்லாம் அந்தப் பூசை சனி காலையிலேயே நடந்தது.) நடுவில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். பழக்கதோஷத்தில் யாரும் இழுத்துவிடக்கூடாது என்று சவரிமுத்து தானே மேலே ஏறி, கயிற்றைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு வந்தார்.

"மணி ரோமாபுரிக்குப் போயிருக்கு" என்றார்.

"அவ்ளோ பெரிசு எப்பிடிங்க போவும்?"

"அது போவும். நீ வாய மூடு. மணி இல்லாத கூண்டு காலி வூடு மாரிடா. காலி வூட்டுல எதுனா வந்து குந்திக்கும்."

கன்னியாஸ்திரீகள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை அது என்று பிற்பாடு தெரிந்தது. சவரிமுத்து சிரிக்காமல் சொன்னார். நான் நம்பினேன்.

அன்று சாயங்காலமே படியில் ஒரு ஜோடி இறக்கை வந்து விழுந்தது. கொக்கு நிறம், தூய வெள்ளை. இரண்டும் நடுவில் ஓர் எலும்பால் ஒட்டியிருந்தன. நடுவில் இருக்க வேண்டிய உடம்பு இல்லை. ஜெபமாலையோடு வந்த ஓர் அம்மாள், "ஐயோ, சம்மனசு இறக்க!" என்று கூவிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சம்மனசை, அதாவது தேவதூதனையே பிய்த்துத் தின்னும் ஒன்று மேலே இருக்கிறது என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் கடற்கரை வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஒரு பெண்கூட முன்படி ஏறவில்லை. எல்லாரும் பக்கவாட்டுக் கதவால் நுழைந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை மணி கேட்ட நொடியில், புனிதர்களின் சுரூபங்களைப் போர்த்தியிருக்கும் ஊதாத் துணிகள் விழ வேண்டும், ஆர்மோனியம் முழங்க வேண்டும், வெளியே அதிர்வேட்டு வெடிக்க வேண்டும். இதற்காக சவரிமுத்து புதன்கிழமை மூன்று தடவை ஒத்திகை வைத்தார். "யோசிக்கக் கூடாது! மணி கேட்டா கை தானா போவணும்!" என்று கத்தினார். துணி இழுப்பவர்கள், ஆர்மோனியக்காரர், வேட்டுக்காரர் பெருமாள் எல்லாருக்கும் அது எலும்பில் இறங்கிவிட்டது.

பெரிய வெள்ளி மத்தியானம் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் பற்றிய பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு மறுபடி ஓர் இறக்கை வந்து விழுந்தது. சவரிமுத்து ஒரு தீர்த்தப் பாட்டிலை என் கையில் திணித்தார்.

"மூணு மணி ஆண்டவரு உயிர் போற நேரம். அதுக்குள்ள அது எறங்கிடணும். போய்த் தெளிச்சிட்டு வா."

"நீங்க வரலீங்களா?"

"நான் வேதக்காரன்டா. என்னத்தான் மொதல்ல புடிக்கும். ஒன்ன அதுக்கு யாருன்னே தெரியாது."

படி முடிந்து மர ஏணி தொடங்கியது. உள்ளே மூடிப் போட்ட கசாப்புக் கடையின் வாடை. சின்னச் சின்ன இறகுகள் காற்றில் சுவரோடு ஒட்டி மேல்நோக்கி ஊர்ந்தன. கீழே பிரசங்கம் செய்த பாதிரிச் சாமியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மூன்று மணி. கோயில் முழுக்க முழங்காலில் இருக்கும் நேரம். ஓர் இருமல்கூட இல்லை.

ஏணி உச்சியில் தலையை நீட்டினேன். எதிரே மணி தொங்கியது.

ரோமாபுரிக்குப் போன மணி! அது அங்கே இருந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. போகவே இல்லையா? அல்லது மணிபோல வேறு ஏதாவது தொங்குகிறதா? அதன் பின்னால் பார்த்தேன். கழுத்தே இல்லாத மூன்று வெள்ளை உருவங்கள் சுவர் மூலையில் நின்றன. கறுத்த கண்கள். மூன்றும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சீறின.

அப்போது வெளிச்சம் போயிற்று. கூண்டின் சன்னல் வளைவில் ஏதோ வந்து நின்றிருந்தது. தலையில் கறுப்பு முக்காடு, கன்னத்தில் கறுப்பாக வழிந்த கோடு, கையில்லாத தோள். காலடியில் ஒரு கிளி, இன்னும் துடித்தபடி. அது இமைக்காமல் என்னைப் பார்த்தது.

பாட்டிலைத் திறந்து வீசினேன். தீர்த்தம் அந்த மூன்று வெள்ளைகளின் மேல் விழுந்தது. அடுத்த கணம் என் உச்சந்தலையில் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. ஏணி நழுவியது. கையில் அகப்பட்டதைப் பிடித்தேன்.

அகப்பட்டது சவரிமுத்து சுருட்டிக் கட்டிய கயிறு.

விட்டால் கீழே முப்பது அடி. விடாவிட்டால் மணி. நான் விடவில்லை. கீழே இறங்கினால் டண். கயிறு என்னை மேலே தூக்கினால் டண். நடுவில் நான் போட்ட அலறல் வேறு.

கீழே யாரும் யோசிக்கவில்லை. கைகள் தானாகப் போயின. ஊதாத் துணிகள் பொலபொலவென்று விழுந்தன. ஆர்மோனியம் குளோரியாவில் பாய்ந்தது. வெளியே பெருமாள் மறுநாளுக்காகப் புதைத்து வைத்திருந்த அத்தனை வேட்டுக்கும் தீ வைத்தார். கிறிஸ்தவ உலகம் முழுதும் ஞாயிறு வரை காத்திருந்தது. எங்கள் கோயிலில் மட்டும் ஆண்டவர் அந்தக் கணமே உயிர்த்துவிட்டார்.

நான் இறங்கி வந்தபோது கூட்டம் வாசலில் நின்றது. முகத்தில் ரத்தம் வழிய நின்ற என்னை எல்லாரும் விலகி நின்று பார்த்தார்கள்.

"கயித்த நான் கட்டினேன் சாமி. மனுசன் கைக்கு எட்டாது" என்று சவரிமுத்து சாமியாரிடம் சத்தியம் செய்தார். என் பக்கம் திரும்பினார். "அதுதானடா அடிச்சிது? மணியையும் ஒன்னையும்?"

தலையை ஆட்டினால் போதும். அறை, கதவு, இரண்டு வேளைச் சோறு, கூடவே கொஞ்சம் மரியாதையும். பிசாசிடம் அடிவாங்கிப் பிழைத்தவனை யார் வேலையை விட்டு அனுப்புவார்கள்? ஆனால் அதற்குள் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஓடி இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்துவிட்டார்.

அவருக்குக் குறுக்கே முசே லூயி வந்து விழுந்தார். கழுத்தில் பைனாகுலர் ஊசலாடியது.

"சுடாதீங்க! அது வல்லூறு. மூணு குஞ்சு வச்சிருக்கு. ரெண்டு மாசமா பாத்துக்கினு இருக்கேன்!"

"வல்லூறு மணி அடிக்குமா முசே?" என்றார் பட்டாளத்துக்காரர்.

முசே திரும்பி என்னைப் பார்த்தார். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டாளத்துக்காரர் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடினார்.

"நான்தாங்க அடிச்சேன்" என்றேன். "அது பறவதாங்க. பயந்து உழுந்துட்டேன். கயிறு கையில மாட்டிக்கிச்சு."

"எத்தினி தடவ?" என்றார் சவரிமுத்து.

"எண்ணலீங்க."

"ஏழு" என்றார் சாமியார்.

அன்று மாலையே என் மூட்டை தெருவில் இருந்தது. மூட்டை என்றால் ஒரு வேட்டி. முசே என்னை மாடிக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, பைனாகுலரையும் கொடுத்தார். தீர்த்தம் பட்டு இறகு ஒட்டிப்போன மூன்று குஞ்சுகளும் வளைவில் உட்கார்ந்து கிளி தின்றுகொண்டிருந்தன. அதற்குப் பிரெஞ்சில் ஏதோ பேர் சொன்னார். யாத்திரைக்காரன் என்று அர்த்தமாம். அப்படியானால் எங்கள் ஜாதிதான். கூண்டில் அதற்காவது இடம் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சவரிமுத்துவே மணி அடித்தார். தெருவிலிருந்து கேட்டேன். துணி விழுந்தாகிவிட்டது, வேட்டு தீர்ந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் கை தானாகப் போக மறுத்து, மூன்று தடவை சொன்ன பிறகுதான் வாசித்தாராம். அந்தச் சத்தத்துக்கு வல்லூறு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பின்னால் முதலியார்பேட்டையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணின் தாய்மாமன் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். வேட்டுக்காரர் பெருமாள்! என்னைப் பார்த்ததும் பந்தலில் உருண்டு சிரித்தார். தாலி கட்டுவதற்குள் கதை கடைசிப் பந்தி வரை போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் கெட்டிமேளத்துக்குக் கை காட்டும் உரிமை எனக்கு இல்லை. முகூர்த்தம் நெருங்கினால் என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையைத் தன் மடியில் இழுத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்வாள். "சும்மா இருங்க. இன்னும் நேரம் ஆவல" என்பாள். என் சொந்த மகளின் கல்யாணத்திலும் அப்படித்தான்.

தெரியாதவர்கள் பார்த்துவிட்டு, இந்த வயதிலும் என்ன பிரியம் என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஒரு தடவை உண்மையைச் சொல்லி இரண்டு வேளைச் சோறு போனது போதும்.