வெள்ளிக் கையும் என் ரீசனிங்கும்

அதிகம் படித்தவனால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு அதை ஊருக்கும் சொல்லிக்கொடுக்கிறவனால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம். சிவகாசியில் ஒரு பயிற்சி மையத்தில், வங்கித் தேர்வுக்கு ரீசனிங் நடத்திக்கொண்டிருந்தேன். கூற்றைக் கொடுத்து, ‘இந்த முடிவு தொடருமா, தொடராதா?’ என்று பிள்ளைகளை அதட்டுவதுதான் வேலை. (அந்தத் தேர்வில் நானே பாஸாகவில்லை என்பது தனிக்கதை.)

தங்கச்சி ஜெயாவைப் பெண் பார்க்கத் தாயில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், பட்டாசு மருந்து கலக்குகிற ரூமில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கூடாது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. கம்பெனி வேன் திரும்பும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. அந்தப் பாடு மகளுக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

மாப்பிள்ளை காப்பி டம்ளரை வாங்கினார். நகக்கண்ணெல்லாம் வெள்ளியாக மினுங்கியது. மருந்து ரூம்காரர்கள் கையில் அலுமினியப் பவுடர் மினுங்கும். இவர் கையும் மினுங்குகிறது. ஆகவே இவர் மருந்து ரூம்காரர். தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த அறிவுதான் இல்லையே.

“வாத்தியார்னு பொய் சொல்லிப் பொண்ணு கேக்க வந்திருக்கீக. மருந்து ரூம் ஆளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. (என் தாத்தா கொடுத்திருக்கிறார். அதனால்தான் நான் பிறந்தேன்.)

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்தார். “ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு அட்டைக் கிரீடம் செஞ்சேங்க. வெள்ளிப் பெயிண்டு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகல.”

பூனைக்கு நாலு கால், நாற்காலிக்கும் நாலு கால், ஆகவே நாற்காலி பூனை என்று எழுதிய ஒருவனை அந்த வாரம்தான் எருமை என்று திட்டியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அடுக்களை வாசலில் ஜெயா கண்கலங்கி நின்றாள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. என் பக்கத்தில் அப்பா, விருந்தாளிகளுக்காக சோப்புப் போட்டுத் தேய்த்து வெளுத்திருந்த கைகளை மெல்ல வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டார். “உக்காரும்மா” என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார். “எனக்குச் சம்மதம், மாமா. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

கல்யாணம் நடந்தது. என்னை யாரிடமும் பேசவிடாமல் பந்தியில் தண்ணீர் ஊற்ற விட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும், “கேட்டியா, இல்ல நீயாக் கண்டுபிடிச்சியா?” என்பதுதான் முதல் கேள்வி. ஜெயாவின் மகள்கூட என்னைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

அப்பா மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.